டி.எம்.வி. 2 என்னும் அளவுகோல்

நான் முதன்முதலில் நிலக்கடலை நோய்த் தேர்வு வயல் ஒன்றில் கால் வைத்தபோது, அந்த வயலைக் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். களை ஒன்றுகூட இல்லை, பாத்திகள் கோடு போட்டதுபோல் இருந்தன, ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் எண் எழுதிய குச்சி நட்டிருந்தது. ஆனால் நான்கு வரிசைக்கு ஒரு வரிசை இலை முழுவதும் உதிர்ந்து, கறுத்த தண்டு மட்டும் நின்றது. இவ்வளவு பராமரிப்பில் உள்ள வயலில் அந்த வரிசைகளுக்கு மட்டும் யாரும் மருந்து அடிக்கவில்லையா என்று கேட்டேன். அவை கெட வேண்டும் என்பதற்காகவே நடப்பட்டவை என்றும், அந்த ரகத்தின் பெயர் டி.எம்.வி. 2 என்றும் மூத்த களப்பணியாளர் சொன்னார்.

டி.எம்.வி. என்றால் திண்டிவனம். எங்கள் ஊர் அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். அப்பா ஆண்டுதோறும் தேடிப்பிடித்து விதைத்த கடலை இதுதான். எங்கள் பக்கத்தில் அதை நிலக்கடலை என்று யாரும் சொல்வதில்லை. மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. அப்பா விளைச்சலுக்காக விதைத்த மல்லாட்டையை இங்கே நோய்க்காக விதைக்கிறார்கள் என்பது அன்று எனக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது. பிறகு அந்த வயலில் மூன்று பருவங்கள் வேலை பார்த்தேன். அந்த வரிசைகள் இல்லையென்றால் மற்ற வரிசைகளைப் பற்றி ஒரு சொல்கூட நம்பிச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிய இரண்டு பருவங்கள் பிடித்தன.

குடியாத்தம் கொத்து என்ற உள்ளூர்க் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து, 1940இல் திண்டிவனத்திலிருந்து வெளியிட்ட ரகம் இது. கொடி ஓடாத கொத்துச் செடி, ஏறத்தாழ நூற்றைந்து நாளில் அறுவடை, ஓடு மெல்லியது, பருப்பு நன்றாக நிறைந்திருக்கும். செக்குக்காரரும் வியாபாரியும் விரும்பிய கடலை. அதற்கு உள்ள பெருங்குறை இலை நோய்களை எதிர்த்து நிற்கும் திறன் ஏறக்குறைய இல்லாமை. இதற்காகத் திண்டிவனத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. துரு நோய் அப்போது நம் நாட்டில் ஒரு பொருட்டாகவே இல்லை. தென் அமெரிக்காவிலும் கரீபியன் பகுதியிலும் பெரும்பாலும் அடங்கிக் கிடந்த அந்த நோய் 1960களின் இறுதிக்குப் பிறகுதான் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேகமாகப் பரவியது. பார்த்தே இராத எதிரியைத் தாங்குமா என்று ஒரு ரகத்தை யாரும் சோதிக்க முடியாது.

கடலையின் இலையைத் தாக்கும் பூசணங்களில் மூன்று முக்கியமானவை. முன்பருவ இலைப்புள்ளி, பின்பருவ இலைப்புள்ளி என்ற இரண்டையும் சேர்த்து நம் உழவர்கள் டிக்கா நோய் என்பார்கள். நெற்றிப் பொட்டைக் குறிக்கும் இந்திச் சொல் அது, புள்ளியைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். முன்பருவப் புள்ளி பழுப்பாக இருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும், பூசணத்தைப் பரப்பும் தூள் போன்ற நுண்ணிய வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் உண்டாகும். பின்பருவப் புள்ளி ஏறக்குறைய கறுப்பு. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாகப் பூசணம் வித்து விட்டிருப்பது தெரியும். துரு நோயில் இலையின் அடிப்பக்கம் முழுவதும் செம்மஞ்சள் கொப்புளங்கள் வெடித்து, கையை வைத்தால் தூள் ஒட்டும். மதிப்பெண் போடுகிறவருக்கு இவற்றுக்கு இடையில் உள்ள இன்னொரு வேறுபாடுதான் மிக முக்கியம்: இலைப்புள்ளி வந்த இலை உதிர்ந்துவிடும், துரு வந்த இலை காய்ந்து சுருண்டாலும் செடியிலேயே தொங்கும். ஆகவே துருவின் அளவைக் கண்ணால் பார்க்கலாம். இலைப்புள்ளியின் அளவைப் பார்க்க வேண்டுமானால் செடியில் இல்லாத இலைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர் அநேகமாக இங்கேதான் தவறுவார். நோய் முற்றி அடியிலைகள் எல்லாம் விழுந்துவிட்ட செடியில் நுனியில் மிஞ்சிய நான்கு பச்சை இலைகளைப் பார்த்து நல்ல மதிப்பெண் கொடுத்துவிடுவார். நானும் கொடுத்திருக்கிறேன்.

நோய் எதிர்ப்புத் தேர்வு என்றதும் நூறு ரகத்தை விதைத்து நோய் வராததை எடுத்துக்கொள்வது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. நோய் வராததற்குக் காரணம் செடியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மழை தவறியிருக்கலாம், பூசணம் அந்த மூலைக்கு வந்திராமல் இருக்கலாம், பின்னால் முளைத்த செடி நோயின் உச்சத்தின்போது இன்னும் இளமையாக இருந்திருக்கலாம். தப்பித்த செடியும் எதிர்த்து நின்ற செடியும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, வயலின் ஒவ்வொரு மூலைக்கும் போதிய நோய் வந்து சேர்ந்தது என்பதை நிறுவுவது. டி.எம்.வி. 2 வரிசைகள் அதற்காகத்தான். அவை இரண்டு வேலை செய்கின்றன. முதலில் தாங்கள் நோயைப் பிடித்து, பெருக்கி, இரு பக்கமும் உள்ள சோதனை வரிசைகளுக்கு வித்துகளைத் தொடர்ந்து அனுப்புகின்றன. பிறகு, அந்த இடத்தில் நோய் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன. ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தில் இந்த முறையைக் கொண்டுதான் 10,000க்கும் மேற்பட்ட நிலக்கடலை மரபு வளங்களைச் சோதித்திருக்கிறார்கள். அங்கேயும் நோய் பரப்பும் வரிசை டி.எம்.வி. 2தான்.

நோயை வளர்ப்பது, பயிரை வளர்ப்பதைக் காட்டிலும் கூடுதல் கவனம் கேட்கும் வேலை. சென்ற பருவத்தில் நோய் கண்ட செடிகளின் இலைகளைச் சேகரித்து உலர்த்தி வைத்திருப்போம். பயிர் நாற்பது நாளை ஒட்டியதும் அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, துணியில் வடிகட்டி, அந்த நீரில் உள்ள வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 50,000 என்ற அளவுக்குக் கொண்டுவந்து தெளிப்போம். பின்பருவ இலைப்புள்ளிப் பூசணம் செயற்கை ஊடகத்தில் மிக மெதுவாகவே வளரும். துருப் பூசணமோ உயிருள்ள செடியைத் தவிர வேறு எதிலும் வளராது. ஆகவே துருவுக்குத் தொட்டியில் தனியாகச் செடி வளர்த்து, நோயை ஏற்றி, அந்தத் தொட்டிகளை நோய் பரப்பும் வரிசைகளின் நடுவே கொண்டுபோய் வைப்போம். அதன் பிறகு ஒரு மாதம், மழை இல்லாத நாளில் மாலைதோறும் கால் மணி நேரம் தெளிப்புநீர். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால்தான் வித்து முளைத்து இலைக்குள் இறங்கும். ஊரில் மழைக்காக வானத்தைப் பார்த்தவன் இங்கே நோய்க்காக வானத்தைப் பார்த்தேன்.

மதிப்பெண் ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்று என்றால் நோயே இல்லை. இரண்டு, இலைப்பரப்பில் ஐந்து சதவீதம் வரை. மூன்று, பத்து வரை. ஐந்து என்றால் இருபதுக்கு மேல் முப்பது வரை. எட்டு என்றால் அறுபதுக்கு மேல் எண்பது வரை. ஒன்பது என்றால் எண்பதுக்கு மேல். படிகள் சம அளவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறைந்த நோயில் கண் நுணுக்கமாக வேறுபடுத்தும், கூடிய நோயில் முடியாது. அளவுகோல் கண்ணின் அந்தக் குணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. காகிதத்தில் இது எளிது. வயலில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி, முன்னூறு வரிசைகளைக் குனிந்து குனிந்து பார்த்து, பதினோரு மணி வெயிலில் இருநூற்று ஐம்பதாவது வரிசைக்கு வரும்போது, காலையில் ஆறு என்று எழுதியதை இப்போது ஐந்து என்று எழுதுகிறோமோ என்ற ஐயம் வந்துவிடும். அதனால்தான் இருவர் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிடுவது வழக்கம். ஒரு படிக்கு மேல் வேறுபாடு இருந்தால் இருவரும் திரும்பிப் போய் அந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் நடந்ததைச் சொன்னால் சாட்சி வரிசையின் அருமை விளங்கும். வயலின் வடகிழக்கு மூலையில் ஒரு வரிசை, தொண்ணூறாம் நாளில், மூன்று என்ற மதிப்பெண் பெற்றது. மற்றவை ஆறும் ஏழும் எட்டுமாக இருந்த வயலில் மூன்று என்பது கொண்டாட்டத்துக்கு உரியது. காயும் நன்றாக இருந்தது, ஓடும் மெல்லியதாக இருந்தது. நான் அந்த எண்ணை நோட்டுப் புத்தகத்தில் இரண்டு முறை வட்டமிட்டேன். மூத்தவர் நோட்டை வாங்கிப் பார்த்தார், அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை. நேராகப் பக்கத்தில் இருந்த டி.எம்.வி. 2 வரிசைக்குப் போய் அடியிலைகளைத் திருப்பினார். அதன் மதிப்பெண் நான்கு. வயலின் நடுவில் ஒன்பது வாங்கி மொட்டையாக நின்ற அதே ரகம் இங்கே பச்சையாக இருந்தது. தெளிப்பானின் கடைசிக் குழாயில் மண் அடைத்து, அந்த மூலைக்கு இரண்டு வாரமாகத் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. முதலில் அண்டை வீட்டைப் பார், பிறகு இந்த வீட்டைப் பற்றிப் பேசு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பருவம் அதே விதையை வயலின் நடுவில் போட்டோம், எட்டு வாங்கியது. குழாயைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு பாடுபட்டுத் தேடினாலும் பின்பருவ இலைப்புள்ளியை முற்றாக மறுக்கும் பயிர்க்கடலை கிடைப்பதில்லை. எதிர்ப்புத் திறன் உள்ளது என்று நாம் சொல்லும் ரகத்திலும் புள்ளி வரும். ஆனால் தாமதமாக வரும், எண்ணிக்கையில் குறைவாக வரும், சிறியதாக இருக்கும், அந்தப் புள்ளியிலிருந்து வித்து கிளம்ப மேலும் சில நாள் ஆகும், கிளம்பும் வித்தும் குறைவாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்ப வேறுபாடு. ஆனால் பூசணம் ஒரு பருவத்தில் பல தலைமுறை பெருகுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை என்ற கணக்கில் ஓடுவதை மூன்று வாரமாக இழுத்துவிட்டால், அறுவடைக்குள் ஒன்றிரண்டு தலைமுறை இல்லாமலே போய்விடும். வட்டி விகிதம் சற்றுக் குறைந்தால் கடன் எவ்வளவு குறையும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு நாள் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவது போதாது. எழுபத்தைந்து, தொண்ணூறு, நூற்றைந்து என்று பல நாள்களில் பார்த்து, நோய் ஏறிய வேகத்தையும் கணக்கிட வேண்டும்.

இந்த அற்ப வேறுபாடுகளை வயலில் தனித்தனியாக அளப்பது கடினம். அதற்குக் கொட்டகையில் ஓர் அழகான முறை உண்டு. கடலை இலையைக் காம்பின் அடியில் உள்ள முண்டோடு சேர்த்துப் பறித்து, ஈர மணல் பரப்பிய தட்டில் குத்தி வைத்தால், அது வாடாமல் வேர்விட்டு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதன்மேல் எண்ணிய அளவு வித்தைத் தெளித்து, எந்த நாளில் முதல் புள்ளி தோன்றியது, எந்த நாளில் அது வித்து விட்டது, விட்டம் எவ்வளவு என்று நாள்தோறும் குறிக்கலாம். ஒற்றை இலை மண்ணில் நின்று தன் ரகத்துக்காகப் பதில் சொல்வதைப் பார்ப்பது எனக்கு அந்த மூன்று பருவங்களில் மிகவும் பிடித்த வேலையாக இருந்தது.

எதிர்ப்புத் திறன் எங்கே கிடைத்தது என்பது தனிக் கதை. பயிர்க்கடலைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவற்றில் கணிசமானவை பெரு நாட்டு நாட்டுரகங்கள். தாரபோத்தோ பகுதியின் அந்தக் கடலைகளைக் கையில் எடுத்தாலே நம் வியாபாரி முகம் சுளிப்பார்: ஓடு தடிமன், மேலே வலை வலையாக ஆழமான கோடுகள், உடைத்தால் தேறும் பருப்பு குறைவு, நாளும் அதிகம். நோயைத் தாங்கும் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டை விட்டுவிட முயன்ற கலப்புகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வந்தன. இன்னொரு வழி காட்டுக்கடலை. பொலிவியாவைச் சேர்ந்த அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டினம் இலைப்புள்ளியையும் துருவையும் மிக வலுவாக எதிர்க்கிறது. ஆனால் அதற்கு 20 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), பயிர்க்கடலைக்கு 40. இரண்டையும் கலந்தால் 30 நிறப்புரிகளோடு பிறக்கும் செடி மலடு. அதைக் கொல்ச்சிசின் மருந்தால் 60 ஆக்கி வளம் பெறச் செய்து, பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு, படிப்படியாக 40க்குத் திரும்பிய செடிகளைப் பொறுக்க வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கிய அந்தப் பொறுமையான வேலையின் பலன் இன்று பல கண்டங்களின் கடலைகளில் இருக்கிறது.

நமக்கு அருகில் அதன் பேரப்பிள்ளை தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜி.பி.பி.டி. 4. காட்டினத்தின் வழிவந்த ஐ.சி.ஜி.வி. 86855ஐத் தந்தையாகவும் கே.ஆர்.ஜி. 1ஐத் தாயாகவும் கொண்டது. இரண்டு டி.எம்.வி. 2 வரிசைகளுக்கு நடுவே தொண்ணூறாம் நாளில் ஜி.பி.பி.டி. 4 நிற்பதைப் பார்த்தால், வேறு பயிரோ என்று தோன்றும். பிறகு இதன் மரபணுத் தொகுதியில் எதிர்ப்புத் திறன் உள்ள பகுதியைக் கண்டுபிடித்தார்கள். துரு நோயில் காணும் வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரு பகுதியால் விளக்க முடிந்தது. அந்தப் பகுதியை, அது செடியில் இருக்கிறதா என்று காட்டும் மரபுக் குறியீடுகளின் துணையால், ஐ.சி.ஜி.வி. 91114, ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 ஆகிய ரகங்களுக்குள் கொண்டுவந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலைத் துணுக்கிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தே நாற்றுப் பருவத்தில் வேண்டாத செடிகளைக் கழித்துவிடலாம். குழாயில் மண் அடைத்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. ஆனாலும் குறியீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது; அந்தச் செடிகளும் கடைசியில் டி.எம்.வி. 2 வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாக வேண்டும்.

இங்கே ஐ.சி.ஜி.வி. 91114ஐத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆந்திரத்தின் அனந்தபூரில் மானாவாரி நிலங்களில் தலைமுறைகளாகக் கோலோச்சியது டி.எம்.வி. 2தான், அங்கே அதன் இடத்தைப் பிடிக்கக் கொண்டுவரப்பட்டது இந்தத் தொண்ணூறு நாள் ரகம். கடைசி மழை பொய்க்கும் ஊரில் பத்து நாள் முன்னால் முற்றுவது எந்த நோய் எதிர்ப்புக்கும் குறைந்த குணமல்ல. நோய் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ரகம் பொறுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. நூற்றிருபது நாள் பச்சையாக நின்று மண்ணில் ஈரம் இல்லாமல் சொத்தைக் காய் கொடுக்கும் செடியை உழவர் எதற்கு விதைக்க வேண்டும்?

விடுப்பில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு நோய் என்பதே ஏற்பாக இல்லை. இலை உதிர்வது மல்லாட்டை முற்றியதற்கு அடையாளம், உதிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். அவர் மட்டுமல்ல, கடலை விளையும் பல ஊர்களில் இதே நம்பிக்கை இருக்கிறது. ஏனென்றால் இலை உதிராமல் முற்றிய கடலையை அவர்கள் பார்த்ததே இல்லை. துருவும் இலைப்புள்ளியும் சேர்ந்து கடுமையாக வந்தால் விளைச்சலில் பாதிக்கு மேல் போகும் என்று சொன்னால், நடந்தது இழப்பு என்று தெரியாதவருக்கு அந்தக் கணக்கு எப்படி உறைக்கும்? வேறு வழியில் பேசிப் பார்த்தேன். பிடுங்கும்போது, காயைச் செடியோடு இணைக்கும் விழுது அறுந்து மண்ணில் தங்கும் காயைப் பொறுக்க எத்தனை ஆள் விடுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கூலி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நோய் விழுதையும் வலுவிழக்கச் செய்கிறது, அதனால்தான் காய் மண்ணிலேயே நின்றுவிடுகிறது என்றதும் சற்று யோசித்தார். பச்சை இலையோடு வரும் கொடி மாட்டுக்கு நல்ல தீனி என்றதும் இன்னும் சற்று யோசித்தார். இலை உதிராவிட்டால் முற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. ஓட்டை உடைத்து உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். அது எனக்குத் தெரியாதா என்றார்.

மூன்றாம் பருவத்தின் முடிவில், நோய் பரப்பும் வரிசைகளுக்கு அடுத்த ஆண்டு வேண்டிய டி.எம்.வி. 2 விதைக்கு நான் பொறுப்பானேன். அந்த வரிசைகள் தங்களுக்கே விதை தருவதில்லை. மொட்டையாக நின்ற செடியில் கிடைக்கும் காய் சூம்பிப்போயிருக்கும். ஆகவே தேர்வு வயலிலிருந்து தள்ளி, காற்றின் எதிர்ப் பக்கத்தில் தனியாக ஒரு துண்டு நிலத்தில் அதை விதைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பூசணக்கொல்லி தெளித்து, புள்ளி படாமல் காத்து, காய் பறித்து, விதை அறையில் மூட்டை கட்டி வைத்தேன். அந்தப் பண்ணையில் மருந்தடித்துக் காப்பாற்றிய ஒரே கடலை அதுதான்.